மாயாவிக்கு ஒரு முகவரி

திருத்தணிக்கு அருகில் வேலஞ்சேரி என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1977-ஆம் ஆண்டு அவ்வூரில் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று பல்லவ மன்னன் அபராஜிதனுடையது. மற்றொன்று சோழன் முதற் பராந்தகனுடையது. தொண்டை மண்டலத்தைக் கடைசியாக ஆண்ட பல்லவர்களுள் ஒருவனும், அவன் மரபை வென்ற சோழர் குலத்து அரசனும் ஒரே ஊரின் மண்ணுக்குள் ஆயிரம் ஆண்டுகள் கிடந்திருக்கிறார்கள். இரா. நாகசாமி அவற்றைப் படித்து 1979-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் வெளியீடாகப் பதிப்பித்தார். திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் பள்ளிப்பட்டுக்கும் இடையில், ஆர்.கே.பேட்டையில் இருந்துகொண்டு இலக்கியம் பேசும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்தச் செப்பேடுகளின்மீது ஒரு தனிப் பற்று உண்டு.

செப்பேடு என்றவுடன் மன்னனின் புகழுரையைத்தான் பலரும் நினைப்பார்கள். ஆனால் ஒரு செப்பேட்டின் உயிர் அதன் பின்பகுதியில்தான் இருக்கிறது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எது கொடுக்கப்பட்டது, அதன் நான்கு எல்லைகள் எவை, எந்த வரிகள் நீக்கப்பட்டன, பெற்றவர் அங்கே கிணறு தோண்டலாமா, வாய்க்கால் வெட்டலாமா, மாடி எடுக்கலாமா, யார் சாட்சி, யார் எழுதினார் என்பவையெல்லாம் அங்கே ஒவ்வொன்றாகச் சொல்லப்படும். பெண் யானையை நடத்தி எல்லை வகுத்த செய்தியைச் சில செப்பேடுகளில் காண்கிறோம். 'கொடுத்தேன்' என்று அரசன் வாயால் சொல்வது மட்டும் போதவில்லை. எதைக் கொடுத்தான், எந்த நிபந்தனையில் கொடுத்தான், எதைக் கொடுக்கவில்லை என்பது எழுத்தில் நிற்காவிட்டால், அடுத்த தலைமுறையிலேயே கொடை வழக்காக மாறிவிடும்.

இந்தப் பீடிகைக்குக் காரணம் உண்டு. நாங்கள் இங்கே எழுத நினைப்பது மிக அண்மைக்கால வரலாறு ஒன்றை. அறிவியல் கணிப்புக்கான நிரல்களை எழுதியவர்கள் அவற்றை ஊருக்குப் பொதுவாகக் கொடுக்க முன்வந்தபோது, அந்தக் கொடையை ஏற்றுக்கொள்ளும் வாசலில் என்ன கேட்கப்பட்டது, ஏன் கேட்கப்பட்டது என்பதே அந்த வரலாறு. அதில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு.

* * *

இலக்கியம் பேசும் இடத்தில் கணினி நிரலுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எங்கள் வட்டத்திலேயே அக்கேள்வி எழுந்தது. சட்டத்தின் விடை வியப்பூட்டுவது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் கணினி நிரலும் சேர்க்கப்பட்டது. எந்த வகையில் என்றால், 'இலக்கியப் படைப்பு' என்ற வகையில். பாட்டும் நாவலும் எந்தப் பிரிவில் காக்கப்படுகின்றனவோ அதே பிரிவில்தான் ஒரு சமன்பாட்டைத் தீர்க்கும் நிரலும் காக்கப்படுகிறது. எழுதி முடித்த கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, முத்திரை வேண்டியதில்லை. எழுதியவர் ஒன்றும் சொல்லாமல் விட்டால் மற்றவர்க்கு அதைப் படியெடுக்கவோ திருத்தவோ உரிமை இல்லை. மௌனம் இங்கே சம்மதம் ஆகாது, மறுப்பே ஆகும்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய பாடமன்று. பாரதியின் எழுத்துகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அவர் மறைவுக்குப் பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைப் பெற்று, 1950-களின் நடுவில் பொதுமக்களுக்கே உரியதாக்கியது. அந்த அரசாணைகள் இல்லாவிடில் மலிவுப் பதிப்புகள் ஊர்தோறும் பெருகியிருக்குமா என்பது ஐயமே. கவிஞன் காலமான பிறகு அரசு செய்ததைத் தான் வாழும்போதே தன் கையெழுத்தால் செய்பவன்தான் கட்டற்ற மென்பொருளை எழுதுபவன்.

* * *

அறிவியல் கணிப்பு நிரலகம் என்றால் என்ன என்பதை எளிமையாகச் சொல்லிவிடுகிறோம். பாலத்தின் தூண் எவ்வளவு சுமை தாங்கும், விமான இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும், நாளைய மழை எங்கே பெய்யும் என்ற கேள்விகளெல்லாம் இறுதியில் சில பொதுவான கணக்குகளாகச் சுருங்கும். ஆயிரம் சமன்பாடுகளை ஒருசேரத் தீர்ப்பது, வளைகோட்டின் பரப்பைக் காண்பது, அலைவரிசையைப் பிரிப்பது போன்றவை அவை. ஒவ்வோர் ஆய்வாளரும் இவற்றை முதலிலிருந்து எழுதினால் வாழ்நாள் போதாது. ஆகவே ஒருவர் எழுதிச் சோதித்துத் தொகுத்து வைத்ததைப் பலரும் எடுத்தாளுகிறார்கள். தச்சனின் உளிப்பெட்டியைப் போன்றது அது. உளி இரவலாகக் கிடைத்தாலும் வேலை நடக்கும். ஆனால் யாருடைய உளி என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் கணிப்பொறிச் சங்கம் 1960 முதல் தன் இதழில் இத்தகைய செய்முறைகளை வரிசை எண்ணிட்டு அச்சிட்டது. 1970-இல் பிரிட்டனில் நாக், அமெரிக்காவில் ஐ.எம்.எஸ்.எல். என்ற இரண்டு தொகுப்புகள் தொடங்கின. பின்னாளில் இரண்டும் விலைக்கு விற்கும் நிரலகங்களாக நிலைபெற்றன. அமெரிக்க அரசுப் பணத்தில் உருவான லின்பாக் 1979-இல் வெளிவந்தது. 1985-இல் ஜாக் டொங்காராவும் எரிக் குரோசும் நெட்லிப் என்ற களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி அனுப்பினால், கேட்ட நிரலைக் கணினியே மறுமடலில் அனுப்பிவிடும். நூலகர் இல்லாத நூலகம் அது. இணையத்தளம் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே பொதுக் களஞ்சியம் பிறந்துவிட்டது.

இந்தியாவில் நிலைமை வேறு. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-இல் ஜெர்மன் உதவியால் ஐ.பி.எம். 370 கணினி வந்தது. அட்டைகளில் துளையிட்ட நிரலைக் கட்டாகக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருந்த காலம் அது. பெரிய கணினிகள் எங்கிருந்து வரலாம், யாருக்கு விற்கலாம் என்பதை வெளிநாட்டு ஏற்றுமதிச் சட்டங்கள் தீர்மானித்தன. 1980-களின் பிற்பகுதியில் கிரே மீக்கணினியை அமெரிக்கா தயங்கித் தடுத்த கதையும், அதன் எதிரொலியாக 1988-இல் சி-டாக் அமைப்பு பிறந்து 1991-இல் 'பரம்' கணினியைக் கட்டிய கதையும் பலரும் அறிந்தவை. கருவியை விற்பவன் கதவைச் சாத்தலாம் என்பதை இந்திய ஆய்வாளர்கள் பட்டு அறிந்திருந்தார்கள்.

விலை கொடுத்து வாங்கியவர்களுக்கும் வேறொரு சிக்கல் காத்திருந்தது. 1986-இல் வெளிவந்த 'நியூமரிகல் ரெசிப்பீஸ்' என்ற நூல் உலகெங்கும் மாணவர்களின் கைநூலானது. அதில் நிரல்கள் முழுமையாக அச்சிடப்பட்டிருந்தன. பலரும் அவற்றை அப்படியே தட்டச்சிட்டுத் தங்கள் நிரலுக்குள் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்நூலின் நிரல்களை மூலவடிவில் மற்றவர்க்கு வழங்க அதன் உரிமம் இடம் தரவில்லை. தன் ஆய்வு முழுவதையும் ஊருக்குக் கொடுக்க நினைத்த ஒருவர், நடுவில் பதினைந்து வரிகள் அந்நூலிலிருந்து வந்தவை என்பதால் கொடுக்க முடியாமல் நின்ற நிலை எத்தனையோ ஆய்வகங்களில் இருந்தது. 1996-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் மார்க் கலாசியும் ஜேம்ஸ் தைலரும் குனூ அறிவியல் நிரலகத்தைத் தொடங்கியதற்கு இத்தகைய நெருக்கடிகளே பின்னணி. அதன் 1.0 பதிப்பு 2001-இல் வந்தது.

* * *

அதே 2001-ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்தது எங்கள் கதையின் நடுப்பகுதி. ஐ.ஐ.டி.யின் வானூர்திப் பொறியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த பிரபு ராமச்சந்திரன் ஒரு நிரலை எழுதி வெளியிட்டார். பாய்ம இயக்கம் பற்றிய கணக்கின் முடிவில் இலட்சக்கணக்கான புள்ளிகளும், ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அழுத்தமும் ஒரு திசைவேகமும் மிஞ்சும். எண்களின் அக்குவியலை வெறுங்கண்ணால் படிக்க இயலாது. அதை வண்ணப் பரப்பாகவும் ஓடைக் கோடாகவும் முப்பரிமாணத்தில் காட்டித் தருவதே அந்நிரலின் பணி. அப்போது சந்தையில் இருந்த இத்தகைய கருவிகள் இந்திய மாணவரின் கைக்கு எட்டாத விலையில் இருந்தன. ரிச்சி தெருவில் திருட்டுக் குறுவட்டு வாங்குவது ஒரு வழி. தானே எழுதுவது மற்றொரு வழி. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

நிரலுக்கு அவர் இட்ட பெயர் மாயாவி. கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைப்பதால் பொருந்திய பெயர். வடமொழியில் வித்தைக்காரன் என்று பொருள். தமிழ் வாசகருக்கோ அப்பெயர் வேறொரு கதவைத் திறக்கும். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்டது 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்நாயகனைக் கண்டு மயங்காத சிறுவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. மறைந்து செல்பவன் அந்த மாயாவி. மறைந்திருப்பதைக் காட்டுபவன் இந்த மாயாவி.

எழுதியாயிற்று. இனி அதை எங்கே வைப்பது? ஓர் ஆய்வு மாணவரின் மேசைக் கணினியில் இருக்கும் நிரல், அவர் பட்டம் பெற்று விடுதியைக் காலி செய்யும் நாளோடு மறையும். துறையின் வழங்கியில் வைத்தால், வழங்கி மாறும் நாளோடு மறையும். உலகத்தவர் எடுத்துச் செல்லவும், பிழை சொல்லவும், திருத்தம் அனுப்பவும் நிலையான ஒரு பொது இடம் வேண்டியிருந்தது. 1999 நவம்பரில் அமெரிக்காவின் வி.ஏ. லினக்ஸ் நிறுவனம் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற தளத்தைத் தொடங்கியிருந்தது. கட்டற்ற நிரல்களுக்கு அது இலவசமாக இடம் கொடுத்தது. திருத்தங்களின் வரலாற்றைச் சேமிக்கும் களஞ்சியம், பிழைப் பட்டியல், மடற்குழு, வலைப்பக்கம், பல நாடுகளில் பதிவிறக்க நிலையம் ஆகிய அனைத்தும் விலையின்றிக் கிடைத்தன. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. நிரலின் பெயர், நோக்கம், எந்த உரிமத்தின்கீழ் கொடுக்கப்படுகிறது என்பவற்றை எழுதி விண்ணப்பிக்க வேண்டும். மனிதர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே கதவு திறக்கும்.

மாயாவி அந்த வாசல் வழியே உள்ளே சென்றது. பி.எஸ்.டி. உரிமத்தின்கீழ் கொடுக்கப்பட்டது. எடுத்தாளலாம், மாற்றலாம், விற்கலாம். எழுதியவர் பெயரை மட்டும் அழிக்கக்கூடாது என்பதே அவ்வுரிமத்தின் சாரம். 2001 ஆகஸ்டில் இந்திய வானூர்தியியல் சங்கத்தின் பாய்மக் கணிப்புக் கருத்தரங்கில் இந்நிரலைப் பற்றிய கட்டுரை வாசிக்கப்பட்டது. 'கட்டற்ற கருவி' என்ற சொல் அக்கட்டுரையின் தலைப்பிலேயே இடம்பெற்றிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

வாசலில் மாயாவி தடுமாறாததற்குக் காரணம் அதன் அடித்தளம் தூய்மையாக இருந்ததுதான். எழுதப்பட்ட மொழியான பைத்தான் கட்டற்றது. படம் வரையும் வேலையைச் செய்த வி.டி.கே. நிரலகமும் கட்டற்றது. வில் ஷ்ரோடர், கென் மார்ட்டின், பில் லோரன்சன் ஆகிய மூவரும் தங்கள் பாடநூலுக்குத் துணையாக 1993-இல் எழுதத் தொடங்கியது அது. அங்கும் ஓர் 'எல்லைக் கல்' இருந்தது. முப்பரிமாணத் தரவிலிருந்து சமமதிப்புப் பரப்பை எடுக்கும் 'மார்ச்சிங் கியூப்ஸ்' என்ற செய்முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை இருந்தது. அதைக் கண்டவர்களுள் லோரன்சனே ஒருவர். உரிமையோ அவர் பணியாற்றிய ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துடையது. ஆகவே வி.டி.கே. தொகுப்பில் அத்தகைய நிரல்களையெல்லாம் 'காப்புரிமை பெற்றவை' என்ற பெயரில் தனி அடைவில் பிரித்து வைத்தார்கள். இந்த நிலம் உனக்கு, இந்த மூலை மட்டும் பிறருடையது என்று செப்பேடு சொல்வதைப் போலவே அது சொல்லிற்று. 2005-இல் காப்புரிமை காலாவதியானதும் அந்த மூலையும் பொதுவானது.

* * *

சோர்ஸ்ஃபோர்ஜின் சோதனை எளியது. அதனினும் கடுமையான வாசல்கள் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று குனூ திட்டத்தின் சவானா தளம். மற்றொன்று டெபியன் இயங்குதளத் தொகுப்பு.

சவானாவில் இடம் கேட்பவர் தம் மூலநிரலை முழுவதுமாக முன்வைக்க வேண்டும். தன்னார்வலர்கள் அதைக் கோப்புக் கோப்பாகத் திறந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதியவர் பெயரும் ஆண்டும் உரிமக் குறிப்பும் உண்டா? உரிமத்தின் முழு வாசகமும் தனிக் கோப்பாக உடன் இருக்கிறதா? கையேடும் படங்களும்கூட கட்டற்ற உரிமத்தில் உள்ளனவா? நிரல் இயங்குவதற்கு விலைக்கு வாங்கிய வேறொரு மென்பொருள் கட்டாயமாகத் தேவைப்படுகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் அறிவியல் நிரல்கள் பல தடுக்கி விழுந்தன. மாட்லாப் என்ற வணிக மென்பொருளில் மட்டுமே ஓடும் நிரலை அங்கே வைக்க இயலாது. அதையே ஜான் ஈட்டன் 1992-இல் எழுதத் தொடங்கிய ஆக்டேவில் ஓடும்படி திருத்தினால் வைக்கலாம். பயணிக்குப் பந்தலில் தண்ணீர் இலவசம், குவளைக்கு மட்டும் காசு என்று சொல்லும் அறத்தை அவர்கள் ஏற்கவில்லை.

இதைக் கெடுபிடி என்று சலித்துக்கொண்டவர்கள் பலர். மாதக்கணக்கில் உழைத்து எழுதியதைக் கொடுக்க வந்தவரிடம், இருநூறு கோப்புகளிலும் நான்கு வரிக் குறிப்பைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? கொடைக்கு வரிசையில் நிற்க வேண்டுமா என்று தோன்றும். ஆனால் கோப்புகள் தொகுப்பாகவே வாழ்வதில்லை. ஒருவர் இருநூறில் ஒன்றை மட்டும் பெயர்த்துத் தம் நிரலில் வைப்பார். பத்தாண்டுக்குப் பின் மற்றொருவர் அதைக் காண்பார். அக்கோப்பின் தலையில் பெயர் இல்லையேல் அது அநாதை. கோயில் சுவரிலிருந்து பெயர்ந்து வயலோரம் கிடக்கும் துண்டுக் கல்வெட்டைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். எழுத்து இருக்கும்; எந்த அரசன், எந்த ஊர் என்பது மட்டும் உடைந்த பக்கத்தோடு போயிருக்கும்.

டெபியனின் வாசலில் நின்ற இரண்டு புகழ்பெற்ற நிரல்களின் கதை இன்னும் தெளிவானது. ஜொனாதன் ஷூசுக் எழுதிய 'டிரையாங்கிள்' என்ற நிரல் பரப்புகளை முக்கோணங்களாகப் பிரிப்பது. எண்கணிப்பு மென்பொருளுக்கான வில்கின்சன் பரிசை 2003-இல் பெற்றது. இணையத்தில் யாரும் இலவசமாக எடுக்கலாம். ஆயினும் வணிகப் பொருளில் சேர்த்து விற்க ஆசிரியரின் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால், டெபியன் அதைக் 'கட்டற்றதல்லாதவை' என்ற புறக்கடை வரிசையில்தான் வைத்தது. மினசோட்டாவில் ஜார்ஜ் கரிப்பிசும் விபின் குமாரும் உருவாக்கிய 'மெட்டிஸ்' நிரலகத்திற்கும் அதே கதி நேர்ந்தது. கல்விக்கும் ஆய்வுக்கும் இலவசம் என்ற அன்பான வரியே அதற்குத் தடையாயிற்று. 2010-களின் தொடக்கத்தில் அதன் உரிமம் அப்பாச்சி உரிமமாக மாற்றப்பட்ட பிறகே தடை நீங்கியது.

'ஆய்வுக்கு மட்டும்' என்ற சொற்றொடரில் தீங்கு ஏதுமில்லை என்றுதான் எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் ஆய்வு எங்கே முடிகிறது, வணிகம் எங்கே தொடங்குகிறது? கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஒரு சிறு தொழிற்கூடத்துக்கு ஆலோசனை சொல்ல அதே நிரலைப் பயன்படுத்தினால் அது எது? எல்லை வரையாமல் கொடுத்த நிலத்தைப் போலத்தான் இதுவும். எங்கள் பகுதியினருக்கு எல்லையின் பொருள் ஏட்டில் படித்து வந்ததன்று. 1960 ஏப்ரல் முதல் நாள் வரை திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மற்றவர்களும் நடத்திய கிளர்ச்சிகளுக்கும் படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகே இப்பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது. ஒரு கோடு தெளிவாக எழுதப்படாவிட்டால் எத்தனை ஆண்டுகள் அதற்காகச் செலவாகும் என்பதை எங்கள் பெரியவர்கள் வாழ்ந்து பார்த்தார்கள்.

வாசலில் கேட்கப்படும் கேள்விகளுள் மிகக் கடுமையானது, கொடுப்பவருக்குக் கொடுக்க உரிமை உண்டா என்பதே. தன்னுடையதல்லாததைத் தானம் செய்ய முடியாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியின் பகுதியாக எழுதப்பட்டது பணி கொடுத்தவருக்கே உரியது. சென்னையிலும் பெங்களூரிலும் இரவெல்லாம் விழித்து நிரல் எழுதும் நம் பிள்ளைகளின் நிரல்களுள் மிகப்பெரும் பகுதியில் அவர்கள் பெயர் இல்லை. அதில் குற்றமில்லை, கூலி பெற்று எழுதியது அது. ஆனால் ஒரு மொழியின் மக்கள் இவ்வளவு எழுதியும் தம் பெயரில் நிற்பது இவ்வளவு குறைவாக இருப்பதை எண்ணும்போது, ஓர் ஆய்வு மாணவர் தம் பெயரைத் தலையில் பொறித்து வெளியிட்ட நிரலின் பெறுமதி கூடுதலாகத் தெரிகிறது.

* * *

ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாயாவி பரவியது. பிரபு ராமச்சந்திரன் பின்னர் அமெரிக்காவின் என்தாட் நிறுவனத்தோடு இணைந்து அதை அடியோடு மாற்றி எழுதினார். இரண்டாம் மாயாவி பிறந்தது. பிரான்சின் கயேல் வரோக்கோ அதில் பெரும்பங்கு ஆற்றினார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2011-இல் வெளிவந்தது. அதே வரோக்கோ, இன்று எந்திரக் கற்றலுக்கு உலகெங்கும் பயன்படும் சைக்கிட்-லேர்ன் நிரலகத்தை வளர்த்தவர்களுள் ஒருவர். பிரபு மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். 2009-இல் அங்கே கல்விக்கான கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் ஃபாசீ திட்டம் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் திருவனந்தபுரத்தில் அறிவியல் பைத்தானுக்கான முதல் இந்திய மாநாடு கூடியது. உதகையில் வாழ்ந்து 2012-இல் மறைந்த கென்னத் கோன்சால்வஸ் பெயரிலான விருது 2014-இல் பிரபுவுக்கு வழங்கப்பட்டது.

முகவரிகளோ நிலைக்கவில்லை. திருவனந்தபுரத்தில் 'சரோவர்' என்ற பெயரில் இந்தியாவின் முதல் கட்டற்ற திட்டக் களஞ்சியம் நடந்தது. இன்று அது இல்லை. 2006-இல் கூகுள் தொடங்கிய திட்டக் களஞ்சியம் 2016-இல் மூடப்பட்டது. சோர்ஸ்ஃபோர்ஜ் இன்றும் இருக்கிறது. ஆனால் 2010-இல் அமெரிக்கத் தடைச் சட்டத்தால் ஈரான், கியூபா முதலிய நாடுகளின் பயனர்களுக்கு அது கதவடைத்தபோது, பொது இடம் என்பது எந்த நாட்டின் மண்ணில் இருக்கிறது என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. கிரே கணினிக் காலத்தின் நிழல் முற்றிலும் அகலவில்லை. மாயாவியும் சோர்ஸ்ஃபோர்ஜிலிருந்து என்தாட்டின் வழங்கிக்கும், அங்கிருந்து கிட்ஹப்புக்கும் வீடு மாறியது.

இப்படி இடம்பெயர முடிந்ததே உரிமத்தின் பயன்தான். படியெடுக்கும் உரிமை எழுத்தில் இருந்ததால் யாரிடமும் கெஞ்சாமல் எடுத்துச் செல்ல முடிந்தது. நம் கோயில்களில் இதற்கொரு பழைய முன்மாதிரி உண்டு. திருமழபாடிக் கோயிலை இடித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைக்கவும் சொன்னான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. பழங்கற்படி என்று அத்தகைய படிகளைச் சொல்வார்கள். கல் போனாலும் கொடை போகக்கூடாது என்பதே அதன் கருத்து. பிரெஞ்சு ஆய்வு நிறுவனமான இன்ரியா 2016-இல் தொடங்கிய 'மென்பொருள் மரபு' என்ற காப்பகம் உலகின் பொது மூலநிரல்களையெல்லாம் படியெடுத்துச் சேமிக்கும் பணியில் இருக்கிறது. அதுவும் ஒரு பழங்கற்படியே.

திருத்தணி அரசு கலைக் கல்லூரியில் கணிதம் படிக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்கிறோம். அவள் கைக்கணினியில் இன்று மாயாவி இலவசமாக இறங்கும். அதன் ஒவ்வொரு வரியையும் அவள் திறந்து படிக்கலாம். 1973-இல் இராட்சதக் கணினியின் கண்ணாடி அறைக்கு வெளியே நின்றவர்களுக்கு இது கனவு. ஆனால் எடுப்பது பாதி வழிதான். நாளை அவளும் ஒரு சிறு நிரலை எழுதி, ஏதேனும் ஒரு வாசலில் போய் நிற்பாள். இன்றைய களஞ்சியங்கள் பலவற்றில் வாசற்காவலே இல்லை. பதிவேற்றியதும் இடம் கிடைத்துவிடுகிறது. அதனாலேயே உரிமம் எழுதப்படாத நிரல்கள் இலட்சக்கணக்கில் அங்கே குவிந்து கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியும், கை வைக்க உரிமையில்லை. கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் அவளே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது முழுவதும் என்னுடையதா, எங்கிருந்து எதை எடுத்தேன், யாருக்கு எந்த நிபந்தனையில் கொடுக்கிறேன்?

விடையைக் கோப்பின் தலையில் நான்கு வரிகளில் எழுதிவிடலாம். வேலஞ்சேரிச் செப்பேட்டைப் பொறித்தவன் அந்நான்கு வரிகளுக்காகச் செம்பைத் தட்ட வேண்டியிருந்தது. அவளுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.